காடிச் சுவரும் ஆணிச் சுவரும்

மந்தாரக்குப்பத்தை ஒட்டிய நெய்வேலிச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். கொதிகலனில் கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. நுண்ணலை நீரை விரைவாகச் சூடாக்கும் என்பதால் இவ்வகை நிலக்கரியை அதைக்கொண்டு உலர்த்தும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. அப்படியோர் உலர்த்தி இங்கே அமைந்தால், அலை செல்லும் உலோகக் குழாய்க்குள் பெல்ட் ஓட வேண்டும். உடனே இரண்டு சிக்கல்கள் எழும். குழாயின் நடுவில் மின்புலம் உச்சத்திலும் பக்கச் சுவரில் சுழியிலும் இருப்பதால் நடுவிலுள்ள கரி காய்ந்து ஓரத்திலுள்ளது ஈரமாகவே வெளியே வரும். பெல்ட் நுழையும் வாய் திறந்திருப்பதால் அலை வெளியே கசியும். இரண்டுக்கும் விடை சுவரின் மேற்பரப்பில் இருக்கிறது.

அலையை ஆளுவது பொருள் மட்டுமல்ல, வடிவமும்தான் என்பதை 1898-லேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் காட்டினார். முறுக்கிய சணல் கற்றை நுண்ணலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பியது. முறுக்கை மாற்றியபோது அது எதிர்ப்பக்கம் திரும்பியது.

இப்படி வடிவத்தால் அலையை ஆளும் சுவர்களில் முதல் வகை காடிச் சுவர், அதாவது நீண்ட பள்ளங்கள் வெட்டிய சுவர். அலைநீளத்தில் கால் பங்கு ஆழத்துக்குக் காடி வெட்டினால், அடியில் மூடியிருக்கும் உலோகம் காடியின் வாயில் திறந்த சுற்றுபோல நடந்துகொள்ளும். தொழிலகங்களில் வழங்கும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.2 செ.மீ.; காடி சுமார் 3 செ.மீ. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கதவோரத்திலும் இதே உத்திதான் இருக்கிறது. அலையின் போக்குக்குக் குறுக்கே காடி இருந்தால் சுவரோரம் அலை ஓடாது. போக்கோடு நீளவாக்கில் வெட்டி மின்கடத்தாப் பொருளை நிரப்பினால் புலம் சுவர்வரை சீராகப் பரவும். 1988-இல் முன்னதை மென்பரப்பு, பின்னதை வன்பரப்பு என வரையறுத்தவர், பின்னர் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பெர்-சைமன் கில்டால். காற்று மட்டும் உள்ள காடி வன்பரப்பாகாது. டெஃப்லான் நிரப்பினால் சுமார் 2.9 செ.மீ. ஆழம் போதும்; கரித்தூள் புகவும் இடமிருக்காது. குழாயின் உட்சுவருக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை.

இரண்டாவது ஆணிச் சுவர். கால் அலைநீள உயரமுள்ள உலோக ஆணிகளை நெருக்கமாக நட்டு, எதிரே சமதளத் தகட்டை வைத்தால், இடைவெளி கால் அலைநீளத்துக்குக் குறைவாக இருக்கும்வரை எந்தத் திசையிலும் அலை பரவாது. இரு பக்கமும் தொடவே வேண்டாம். 2009-இல் இதைக்கொண்டு இடைவெளி அலைக்குழாயை முன்வைத்தவரும் கில்டால்தான்.

காடிக்குத் திசை உண்டு, ஆணிக்கு இல்லை என்பதே இங்கே தீர்ப்பைத் தருகிறது. உள்ளே அலை ஒரே போக்கில் செல்ல வேண்டும், ஆகவே காடி. பெல்ட் நுழையும் வாயிலோ கரியில் பட்டுச் சிதறிய அலை பல கோணங்களில் வரும். சாய்ந்து வரும் அலைக்குக் காடியின் ஆழம் பொருந்தாது. காடியோடே ஓடும் அலை தப்பிவிடும். அங்கே ஆணிதான் வலுவானது.

ஆனால் ஆணிக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. 3 செ.மீ.க்கும் குறைந்த இடைவெளிக்குள் பெல்ட்டும் கரியும் அடங்க வேண்டும். ஈரக் கரிக்குள் அலைநீளம் சுருங்குவதால் அந்த வரம்பு இன்னும் இறுகும். கரியை நொறுக்கி மெல்லிய படுகையாகப் பரப்பினால்தான் இது நடக்கும். கட்டிகளாகவே அனுப்புவதென்றால் வாய்க்குழாயை நீட்டி, அதன் சுவரில் அலையை உறிஞ்சும் நீர்க்குழாய்களைப் பொருத்த வேண்டியிருக்கும்.