புத்தாடையும் முத்திரையும்: தெவெஸ்தே மாக்சிமிலியனும் அவன் தகப்பனும்

ஆதித்திருச்சபைக்கும் போர்ச்சேவகத்திற்கும் இருந்த உறவைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தெர்த்துல்லியன், ஓரிஜன் ஆகிய ஆசிரியர்களின் கருத்துகளையே எடுத்தாளுகின்றனர். அவை இன்றியமையாதவையே. ஆயினும் ஒரு வீட்டில், தகப்பனுக்கும் வயதுவந்த மகனுக்கும் நடுவே, இப்பிரச்சினை எவ்வாறு எழுந்தது என்பதை அந்நூல்களிலிருந்து நாம் அறிந்துகொள்ள முடிவதில்லை. அதனை அறிய உதவும் சான்று ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. அது மாக்சிமிலியன் என்னும் இரத்தசாட்சியின் விசாரணைக் குறிப்பாகும்.

கி.பி. 295-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், வட ஆப்பிரிக்காவிலுள்ள தெவெஸ்தே நகரில் இவ்விசாரணை நடைபெற்றது. அந்நகர் இன்று அல்ஜீரியா நாட்டில் தெபெஸ்ஸா என வழங்குகிறது. விசாரித்தவன் தேசாதிபதியாகிய டியோன். முன் நிறுத்தப்பட்டவன் மாக்சிமிலியன். அவனுக்கு வயது இருபத்தொன்று, மாதம் மூன்று, நாள் பதினெட்டு. அவனோடு நின்றவன் அவன் தகப்பன் ஃபாபியஸ் விக்டர். சேனைக்கு ஆள் சேர்ப்பதற்கென விதிக்கப்பட்ட வரியின் பொறுப்பு இவ்விக்டரிடம் இருந்தது. எனவே அரசின் படைத்திரட்டலுக்கு அவன் அயலான் அல்லன், அதில் பங்குள்ளவன்.

பிற்காலத்தில் இயற்றப்பட்டதே இக்குறிப்பு எனக் கருதும் ஆய்வாளர் சிலர் உளர். எனினும் நீதிமன்ற வழக்கத்தையொட்டிய அதன் சுருக்கமான நடையையும், அலங்காரமற்ற விவரங்களையும் கண்டு, பழமையான பதிவொன்றின் மேல் எழுந்ததே இது எனப் பலரும் ஏற்றுக்கொள்கின்றனர். நாமும் அவ்வாறே கொண்டு மேற்செல்லுவோம்.

தேசாதிபதி பெயரைக் கேட்டவுடன், தான் கிறிஸ்தவனாதலால் சேவகம் செய்ய இயலாது என்று இளைஞன் மறுமொழி கூறினான். அவனை அளக்கும்படி கட்டளை பிறந்தது. ரோம அளவின்படி ஐந்து அடி பத்து அங்குலம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்து, சேவகனுக்குரிய ஈய முத்திரையை அவன் கழுத்தில் அணிவிக்க முயன்றனர். கிறிஸ்துவின் அடையாளத்தைத் தான் ஏற்கெனவே பெற்றிருப்பதால் இவ்வுலக முத்திரையை ஏற்பதற்கில்லை என்று அவன் மறுத்தான். இங்கு ஞானஸ்நானமே பேசப்படுகிறது என்பதை நாம் எளிதில் உணரலாம். அக்காலத் திருச்சபை ஞானஸ்நானத்தை முத்திரை என்றே வழங்கியது. படைவீரனின் ஆணையைக் குறித்த ‘சாக்ரமெந்தும்’ என்னும் இலத்தீன் சொல்லையே ஆப்பிரிக்கத் திருச்சபை தன் திருமுழுக்கிற்கும் எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே இரண்டு ஆணைகள், இரண்டு முத்திரைகள், இரண்டு தலைவர்கள் என்னும் கேள்வி அம்மொழியிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

அரசர்களின் மெய்க்காவற்படையிலும் கிறிஸ்தவர்கள் சேவகம் செய்கிறார்களே என்று டியோன் எடுத்துக்காட்டினான். தங்களுக்குத் தகுந்தது எது என்பதை அவர்கள் அறிவார்கள், தானோ தீமை செய்ய இயலாத கிறிஸ்தவன் என்பதே மாக்சிமிலியனின் விடை. அவன் தன் சகோதரரைக் கண்டனம் செய்யவில்லை. அவர்களை முன்னிட்டுத் தன் மனச்சாட்சியைத் தளர்த்திக்கொள்ளவும் இல்லை. இவ்விரண்டும் ஒருசேர அமைவது அரிது.

இனி விக்டரைக் கவனிப்போம். தேசாதிபதி அவனை நோக்கி, மகனுக்குப் புத்தி சொல்லும்படி கூறினான். தனக்கு நலமானது எது என்பதை மகனே அறிவான் என்று விக்டர் பதிலுரைத்தான். இவ்விடையைக் கோழைத்தனமான நழுவல் எனச் சிலர் கருதக்கூடும். ரோமச் சட்டத்தை நினைவிற்கொண்டால் அதன் பொருள் வேறாகும். தகப்பன் உயிரோடிருக்கும்வரை, வயதுவந்த மகனும் அவன் அதிகாரத்திற்கு உட்பட்டவனே. கட்டளையிடும் உரிமை தன் கையிலிருந்தும் அதனை விக்டர் பயன்படுத்தவில்லை. அரச அலுவலில் பொறுப்பேற்றிருந்த ஒருவன் தேசாதிபதியின் முன்னிலையில் இவ்வாறு நின்றது சிறிய செயலன்று.

வாளால் வெட்டப்படவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மாக்சிமிலியன் தேவனுக்கு நன்றி கூறினான். பின்பு தகப்பனை நோக்கி மலர்ந்த முகத்தோடு, தன் சேவகத்திற்கென அவன் ஆயத்தப்படுத்தியிருந்த புத்தாடையைத் தன்னை வெட்டும் சேவகனுக்குக் கொடுத்துவிடும்படி வேண்டிக்கொண்டான்.

இப்புத்தாடையை நாம் எளிதாகக் கடந்துசெல்லலாகாது. தகப்பன் மகனுக்குச் சேவக உடையை முன்னரே தேடிவைத்திருந்தான். அவன் போரை வெறுத்து ஒதுங்கியவன் அல்லன். மகன் அவ்வுடையில் நிற்பதைக் காண எதிர்பார்த்திருந்தவன். அந்த எதிர்பார்ப்பு ஒரே நாளில் உடைந்துபோயிற்று. ஆயினும் விக்டர் மிகுந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினான் என்றும், தனக்கு முன்னே இத்தகைய காணிக்கையை ஆண்டவருக்கு அனுப்பக் கிடைத்ததற்காகத் தேவனைத் துதித்தான் என்றும், தானும் பின்தொடரவிருந்தான் என்றும் குறிப்பு முடிகிறது. பொம்பெயானா என்னும் பெருமாட்டி உடலைப் பெற்றுக் கார்த்தேஜுக்குக் கொண்டுசென்று, இரத்தசாட்சியாகிய சிப்பிரியானின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தாள்.

இவ்வொரு நிகழ்ச்சியைக்கொண்டு, ஆதிக்கிறிஸ்தவர் யாவரும் சேவகத்தை மறுத்தனர் என்று முடிவுகட்டுதல் வரலாற்றிற்குப் பொருந்தாது. இஸ்ரவேல் நாட்டில் மெகிதோவுக்கு அருகே, ரோமப் படையணி தங்கியிருந்த இடத்தில், மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடமொன்று 2005-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதன் சித்திரத்தளத்தைத் தன் செலவில் அமைத்தவன் கயானஸ் என்னும் நூற்றுக்கு அதிபதி என்று அதிலுள்ள எழுத்துப்பொறிப்பு கூறுகிறது. அவனைச் ‘சகோதரன்’ என்றே சபையார் குறித்துள்ளனர். சேவகத்தை வன்மையாகச் சாடிய தெர்த்துல்லியனும் நூற்றுக்கு அதிபதி ஒருவனின் மகன் என்று எரோனிமுஸ் எழுதிவைத்துள்ளார். மறுபுறம், 298-ஆம் ஆண்டில் மார்செல்லுஸ் என்னும் நூற்றுக்கு அதிபதி படையணியின் முன் தன் கச்சையைக் கழற்றி எறிந்து மரண தண்டனை பெற்றான். ஆகவே ஒரே தலைமுறையில், ஒரே விசுவாசத்தில், இரு வழிகளும் இருந்தன.

பின்வந்த மாறுதல் விரைவானது. 313-இல் திருச்சபைக்கு உரிமை கிடைத்தது. 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், சமாதான காலத்தில் ஆயுதங்களை எறிந்துவிடுவோரைத் திருவிருந்தினின்று விலக்கியது. 416-ஆம் ஆண்டின் அரச கட்டளையோ, பழைய தெய்வங்களை வணங்குவோர் அரச சேவகத்தில் சேரலாகாது என்றது. மாக்சிமிலியன் வெட்டுண்டு நூற்றிருபது ஆண்டுகளே கடந்திருந்தன. எனினும் திருச்சபை தன் பழைய நடுக்கத்தை முற்றும் மறந்துவிடவில்லை. போரில் கொன்றவரைக் கொலைகாரராக எண்ணவில்லையாயினும், அவர்கள் மூன்றாண்டுகள் திருவிருந்தில் பங்குபெறாதிருத்தல் நலமென்று செசரியாவின் பேராயர் பசிலியார் நான்காம் நூற்றாண்டில் ஆலோசனை கூறினார்.

இவ்வரலாறு குருமாராகிய நமக்குக் கூறுவது யாது? சேனையில் சேர்ந்த மகனுக்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கும் பெற்றோர் நம் சபைகளில் இருக்கின்றனர். அவர்களுடைய பெருமிதத்தை நாம் பழித்தலாகாது. கயானஸைச் சகோதரன் என்ற சபை நமது சபையே. ஆனால் அப்பெருமிதம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்கும் கடமை நமக்குண்டு. உடையின்மேல் நிற்கும் பெருமிதம் உடையோடு கழன்றுவிடும். விக்டரின் பெருமிதமோ உடை போனபின்பும் நிலைத்தது. ஏனெனில் அது மகன் பெற்றிருந்த முத்திரையின்மேல் நின்றது. சேவகத்தை ஏற்ற மகனுக்காக மட்டும் ஜெபித்து, மனச்சாட்சியின்படி மறுத்த மகனின் தகப்பனுக்கு முகத்தைத் திருப்புவோமாகில், நாம் உடையை ஆசீர்வதிக்கிறோமேயன்றி முத்திரையை அல்ல.

மேலும் ஒன்று கூறவேண்டும். விக்டரின் மகிழ்ச்சியைப் படிக்கும்போது அவன் வீட்டிலிருந்த வெறுமையை நாம் மறத்தல் தகாது. குறிப்பு அதனைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. மகனை இழந்த பெற்றோரிடம் இவ்வரலாற்றை எடுத்துரைத்து, நீங்களும் விக்டரைப்போல் மகிழுங்கள் என்று சொல்லும் உரிமை எந்தப் போதகனுக்கும் இல்லை. அம்மகிழ்ச்சி கற்பிக்கப்பட்டதன்று, அது அருளப்பட்டது. அது அருளப்படும்வரை அவர்களோடு அமர்ந்திருத்தலே நம் ஊழியம்.