இரண்டு கிராம் ஈயம்

பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முனைபவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "இது பிழையா, பாடமா?" என்பதாகும். ஏடு எழுதியவர் தவறினாரா, செல் அரித்ததா, அன்றி நமக்குப் பொருள் விளங்காத பழைய வழக்கா என்று தெளியாமல் ஓர் எழுத்தையும் தொடலாகாது. இதே கேள்வியை ஒரு முழ நீளத்துக்குச் சற்றே மிகுந்த மரக்கப்பல் ஒன்றும் எங்களிடம் கேட்கும் என்று நாங்கள் எண்ணியிருக்கவில்லை.

நாங்கள் என்றது மூவரை. கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் ஒருவர், இயற்பியல் கற்பிப்பவர் ஒருவர், வயது முதிர்ந்த ஆசாரி ஒருவர். எடுத்துக்கொண்ட கப்பல் ஸ்வீடன் நாட்டின் வாசா. மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலுமாக அதன் மாதிரியை நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கினோம். கணக்கிட எளிதென்றே அவ்வளவைத் தேர்ந்தோம். ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் ஆகும். ஒரு டன் எடை ஒரு கிராம் ஆகும். இந்த இரண்டாவது கணக்கின் பொருள் எங்களுக்குப் பின்னரே உறைத்தது.

வாசாவின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப், போலந்துடன் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1625-இல் புதிய போர்க்கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தார். ஸ்டாக்ஹோம் கப்பல் தளத்தின் தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹைபர்ட்சன் என்னும் டச்சுக்காரர். வாசாவைத் தொடங்கிய அவர் 1627-இல் இறந்துபோக, ஹெய்ன் யாக்கோப்சன் பணியை முடித்தார். இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள், நூற்றுக்கணக்கான மரச் சிற்பங்கள் என்று அரச பெருமிதம் முழுவதையும் சுமந்து நின்ற அக்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 அன்று முதற்பயணம் புறப்பட்டது. மெல்லிய காற்று. பத்துப் பாய்களில் நான்கே விரிக்கப்பட்டிருந்தன. ஒரு வீச்சில் சாய்ந்து நிமிர்ந்தது; அடுத்த வீச்சில் இடப்பக்கம் சாய்ந்தபோது, மரியாதை வேட்டுக்காகத் திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் வழியே கடல் உட்புகுந்தது. ஏறத்தாழ 1300 மீட்டர் தொலைவே சென்றிருந்த கப்பல், கரையில் திரண்டிருந்த மக்களின் கண்ணெதிரே 32 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. சுமார் முப்பது பேர் மாண்டனர்.

1956-இல் ஆன்டர்ஸ் ஃபிரான்சேன் அதன் கிடக்கையைக் கண்டறிந்தார். 1961 ஏப்ரல் 24 அன்று, 333 ஆண்டுகளுக்குப் பின், அது மீண்டும் வெளிச்சம் கண்டது. பால்டிக் கடலின் உவர்ப்புக் குறைந்த நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு வாழ்வதில்லை. ஆதலின் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல் பழைய மரமே எஞ்சியது. செல்லரிக்காத ஏடு கிடைத்தாற்போல் என்று சொல்லலாம்.

*

முதல் இடர், மூலவரைபடம் இன்மை. எங்கள் கையில் இல்லை என்பதன்று, எக்காலத்தும் இருந்ததேயில்லை. அக்காலத்து டச்சு முறையில் தச்சர் கப்பலைத் தாளில் வரைவதில்லை. நீளம், அகலம் முதலிய சில முதன்மை அளவுகளை வைத்துக்கொண்டு, ஏராவை நிறுத்தி, அடிப்பலகைகளைப் பொருத்தி, அவற்றின் வடிவுக்கேற்ப வங்குகளைப் பின்னர் இறக்குவர். வடிவம் தச்சரின் கண்ணிலும் பழக்கத்திலும் இருந்தது. நம் யாப்பு வாய்மொழியாக வழங்கிய நிலையை இதனோடு ஒப்பிடலாம்.

இன்றுள்ள வரைபடங்கள் எல்லாம் மீட்ட கப்பலை அளந்து வரைந்தவை. அவற்றிலிருந்து குறுக்குவெட்டு வடிவங்களை எடுத்து, ஒட்டுப்பலகையில் அறுத்து, வரிசையாக ஏராவின்மேல் நிறுத்தினோம். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குப் பட்டிகளை ஒட்ட வேண்டும். ஆர்வ மிகுதியால் வலப்பக்கம் முழுவதையும் முதலில் ஒட்டி முடித்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் ஏரா வாழைப்பழம்போல் வளைந்து கிடந்தது. பசை காயும்போது பட்டிகள் சுருங்கி ஒரு பக்கமாக இழுத்துவிட்டன. ஆசாரி ஒன்றும் சொல்லாமல் அனைத்தையும் ஈரத்துணியால் நனைத்துப் பிரித்தெடுத்தார். பிறகு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டினோம். மரம் நேரானது.

அணியத்தின் உருண்டையில் பட்டிகள் வளைய மறுத்து முறிந்தன. வெந்நீரில் ஊறவைத்தும் பயனில்லை. முனைப்பக்கம் அகலத்தைச் சீவிக் குறைத்தால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படியும் என்பதை ஆசாரி கண்டார். முப்பத்தைந்து பட்டிகள் வீணான பின்னரே எங்களுக்கு அது விளங்கியது.

வண்ணத்திலும் ஓர் இடர். கப்பல் மீட்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில், பின்புறச் சிற்பங்களின் பின்னணி நீலம் என்றே கருதினர். பழைய மாதிரிகள் பலவும் நீலமும் பொன்னுமாக இருப்பது அதனால்தான். பின்னாளில் மரத்தில் ஒட்டியிருந்த சாயத்துகள்களை ஆய்ந்தபோது பின்னணி சிவப்பு என்றும், சிற்பங்கள் பல வண்ணங்களில் மிளிர்ந்தன என்றும் தெரியவந்தது. இயற்பியல் நண்பர் வாங்கிவைத்த நீலச்சாயப் புட்டி இன்றும் திறக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

*

எல்லாவற்றினும் பெரிய இடர், தொடக்கத்தில் கூறிய அந்தப் பதிப்புக் கேள்வியே.

வாசாவின் இரு பக்கங்களும் ஒத்தவை அல்ல. வலப்பக்கத்தைக் காட்டிலும் இடப்பக்கத்தில் மரம் மிகுதி. கப்பலில் கிடைத்த தச்சரின் அளவுகோல்கள் நான்கு. அவற்றுள் இரண்டு பன்னிரண்டு அங்குலம் கொண்ட ஸ்வீடன் அடி. மற்ற இரண்டு பதினோரு அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி. இரு நாட்டுத் தச்சர் தத்தம் கோலால் அளந்து ஒரே கப்பலைக் கட்டியிருக்கின்றனர். ஆறு அங்குலம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கையில் அது வேறோர் அளவு.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. மூன்று நூற்றாண்டுகள் சேற்றிலும், பிறகு அருங்காட்சியகத் தாங்கிகளின் மேலும் இருந்த உடல், தன் எடையாலேயே நெளிந்திருக்கிறது. ஆக, வரைபடத்தில் காணும் கோணல் ஒவ்வொன்றும் தச்சர் செய்ததா, காலம் செய்ததா என்று பிரித்தறிய வேண்டும். இரு பக்கமும் கண்ணாடி பிம்பம்போல் ஒத்திருக்கச் செய்துவிடலாம், பார்க்க அழகாயிருக்கும் என்றார் நண்பர். நாங்கள் தயங்கியபோது ஆசாரி சொன்னார்: "சேறு செஞ்சத நாம சரி பண்ணலாம் சார். ஆனா அது ஒரு ஆசாரியோட கை. அதத் திருத்த நாம யாரு?"

பதிப்பியலை இத்தனை ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தும், அதன் சாரத்தை இவ்வளவு சுருக்கமாக நாங்கள் கேட்டதில்லை. நெளிவுகளை நிமிர்த்தினோம். இடப்பக்கத்து உட்பலகைகளை மட்டும் ஒரு தாளின் கனம் மிகுத்து வைத்தோம். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

*

உடல் முடிந்ததும் அதை நீரில் விட்டுப் பார்க்கும் ஆசை எழுந்தது. நண்பர் தடுத்தார். மாதிரியின் மொத்த எடை ஒத்திருந்தால் போதாது, அவ்வெடை எவ்வுயரத்தில் நிற்கிறது என்பதும் ஒத்திருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக் கப்பல் வாசாவைப் பற்றி எதையும் சொல்லாது என்பது அவர் வாதம். அது சரியே. எனவே சிற்பமும் பாய்மரமும் இல்லாத வெற்றுடல் ஒன்றைத் தனி மரக்கட்டையில் குடைந்தோம். உள்ளே ஒரு திருகுக்கம்பியை நிறுத்தி, அதில் ஏறியிறங்கும் பித்தளைக் குண்டைக் கோத்தோம். வாசாவின் எடை சுமார் 1210 டன். எங்கள் கட்டை 1210 கிராம். அடித்தட்டில் பரப்பியிருந்த கற்களின் எடை சுமார் 120 டன். எங்களுக்கு 120 கிராம் ஈயம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுகூர வேண்டும். புறப்பாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, கப்பல் தலைவர் சோஃப்ரிங் ஹான்சன், கடற்படைத் தளபதி கிளாஸ் ஃப்ளெமிங் கண்ணெதிரே ஒரு சோதனை நடத்தினார். முப்பது பேர் மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒன்றாக ஓடினர். மூன்று முறை ஓடியதற்குள் கப்பல் கவிழ்ந்துவிடும்போல் ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டனர்.

முப்பது மாலுமிகளின் எடை ஏறத்தாழ இரண்டு டன். எங்கள் அளவில் அது இரண்டு கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்தெடுத்த ஈயத்துண்டை நண்பர் கட்டையின் ஓர் ஓரத்தில் வைத்தார். குண்டு அடியில் இருந்தவரை கட்டை அசைந்ததாகவே தெரியவில்லை. குண்டைத் திருகித் திருகி மேலேற்றினோம். அதே இரண்டு கிராம், இப்போது கட்டையைக் கண்ணுக்குத் தெளிவாகச் சாய்த்தது. இன்னும் ஒரு சுற்று ஏற்றியதும் ஈயமே வைக்காமல் கட்டை தானாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பாதுகாப்புக்கும் அழிவுக்கும் இடையே இருந்த தொலைவு சில மில்லிமீட்டர்களே.

அடியில் இன்னும் கல் சேர்த்திருக்கலாமே என்று தோன்றும். அவ்வாறும் செய்து பார்த்தோம். கட்டை நிமிர்ந்தது; ஆனால் நீரில் இன்னும் ஆழ அமிழ்ந்தது. வாசாவில் அப்படிச் செய்தால் கீழ்த்தளச் சாளரங்கள் நீருக்கு மேலும் நெருங்கியிருக்கும். நீருக்கு மேலுள்ள உடல் மிகக் கனம். பிழை அடிப்பாரத்தில் இல்லை, வடிவிலேயே இருந்தது.

*

இந்தச் சில மில்லிமீட்டர்களைக் கணக்கிடும் வழி 1628-இல் எவரிடமும் இல்லை. இங்கிலாந்தில் ஆன்டனி டீன், கப்பல் நீரில் எவ்வளவு அமிழும் என்பதை மிதக்கவிடும் முன்பே கூறியதை 1666-இல் சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே, கீழ்ப்புற வங்குகள் வெளித்தெரியுமாறு 48-இல் ஒரு பங்கு அளவில் நேர்த்தியான மாதிரிகள் செய்யப்பட்டன. அவையும் வடிவைக் காட்டினவேயன்றி நிலைப்பைக் காட்டவில்லை. கப்பல் எப்போது கவிழும் என்பதற்கான கணக்கைப் பிரான்சின் பியேர் பூகே 1746-இல் நூலாக்கினார். வில்லியம் ஃப்ரூட் 1872-இல் டார்க்கியில் நீர்த்தொட்டி அமைத்து, மெழுகு மாதிரிகளை இழுத்து அளந்த பிறகே மாதிரி என்பது அறிவியற் கருவியாயிற்று.

ஆயினும் அறியாமை ஒன்றே வாசாவைக் கவிழ்த்தது என்று கூற எங்களால் இயலவில்லை. முப்பது பேர் ஓடிய அன்றே விடை கிடைத்துவிட்டது. தளபதி கண்டார், தலைவர் கண்டார். மன்னரோ தொலைவில் போர்முனையிலிருந்து விரைவுபடுத்திக்கொண்டிருந்தார். "இது போகலாகாது" என்னும் ஒரு சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. பின்னர் நடந்த விசாரணையில், மன்னர் ஒப்பிய அளவுப்படியே கட்டினோம் என்று கட்டியவர்கள் கூறினர். எவரும் தண்டிக்கப்படவில்லை.

யாக்கோப்சன் மட்டும் தம் கையால் ஒரு விடை எழுதினார். வாசாவின் உடன்பிறப்பாக 1629-இல் மிதந்த ஏப்லெட் என்னும் கப்பலைச் சற்று அகலமாகக் கட்டினார். அது முப்பதாண்டுப் போரில் ஜெர்மனிக்குச் சென்று மீண்டு, நெடுங்காலம் பணியாற்றி, 1659-இல் தடுப்பரணாக வாக்ஸ்ஹோம் அருகே வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அதன் எச்சம் அடையாளம் காணப்பட்ட செய்தி 2022-இல் வெளிவந்தது. பிழைத்த கப்பலை உலகம் மறந்துவிட்டது. கவிழ்ந்த கப்பலைக் காண ஆண்டுதோறும் பெருங்கூட்டம் செல்கிறது.

எங்கள் வாசா இப்போது கல்லூரி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பாய்களில் நான்கை மட்டுமே விரித்திருக்கிறோம். வெற்றுக்கட்டையை அதனருகே வைக்க விரும்பினோம்; அழகாக இல்லை என்று மறுத்துவிட்டனர். அது ஆசாரியின் பட்டறையில் உள்ளது. பேரப்பிள்ளைகள் வாளி நீரில் விட்டு விளையாடும்போது, அந்த இரண்டு கிராம் ஈயத்தை அவர்கள் கையில் கொடுத்து, "ஓரத்துல வெச்சுப் பாருங்க" என்கிறார் அவர்.