ஆட்டுப்பால் குடித்து வளர்ந்த காவல் நாய்

நாயை ஆட்டு மந்தைக்குள் விட்டால் என்ன ஆகும்? ஆடு மிரண்டு ஓடும். ஓடுவதைப் பார்த்ததும் நாய் துரத்தும். கடைசியில் ஏதோ ஒரு குட்டியின் கழுத்து போகும். நாய் ஓநாயின் வம்சம்தானே! அப்படியிருக்க, ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பாற்ற அதே வம்சத்து நாயை மனிதன் எப்படி நம்பினான்? "நன்றாகப் பழக்கினான்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் எதைப் பழக்குவது, எந்த வயதில் பழக்குவது என்பதைப் புரிந்துகொள்ளவே ரொம்ப காலம் பிடித்திருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிவியில் விசில் சத்தத்துக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும் பார்டர் கோலி வேறு ரகம். பதுங்குவது, முறைத்துப் பார்ப்பது, துரத்துவது என்று வேட்டைக் குணத்தில் பாதியை வைத்துக்கொண்டு, கடிப்பதை மட்டும் விட்டுவிட்ட நாய் அது. நான் சொல்ல வருவது மந்தையோடு மந்தையாகப் படுத்துக்கிடக்கும் காவல் நாயைப் பற்றி.

கி.மு. 37-ல் ரோமானிய அறிஞர் வார்ரோ, தன் எண்பதாவது வயதில், விவசாயம் பற்றி ஒரு நூல் எழுதினார். மந்தைக்கு நாய் வாங்குபவர்கள் வேட்டைக்காரரிடமும் கசாப்புக்கடைக்காரரிடமும் வாங்கவே கூடாது என்கிறார். கசாப்புக்கடை நாய் சோம்பேறி. வேட்டை நாயோ முயலைப் பார்த்தால் ஆட்டை மறந்துவிடும். அதே நூலில் ஒரு சம்பவமும் வருகிறது. ஒருவர் உம்பிரியாவில் ஆட்டு மந்தைகளை வாங்கினாராம். விலையில் நாய்கள் சேர்த்தி, மேய்ப்பர்கள் சேர்த்தி இல்லை. மேய்ப்பர்கள் தெற்கு இத்தாலியின் மெட்டபோன்டம் வரை வந்து மந்தையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சில நாட்களில் அந்த நாய்களும் பல நாள் வழியைத் தாமாகவே கடந்து, பழைய மேய்ப்பர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன! நாய் தன் பின்னாலேயே வர வேண்டுமென்றால் வேகவைத்த தவளையைப் போடு என்று வேறொரு ரோமானியர் எழுதியிருந்தாராம். இந்த மேய்ப்பர்கள் அதைக்கூடச் செய்யவில்லை என்கிறார் வார்ரோ (கிழவருக்குக் குசும்பு ஜாஸ்தி).

எனக்கு இந்தக் கதையில் தவளையைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த நாய்கள் ஆட்டை விட்டுவிட்டு ஆளைத் தேடிப் போயின. அவற்றின் மனசில் "நம்மவர்" மேய்ப்பர்தான், ஆடு இல்லை.

இதற்கு நேரெதிரான காட்சியை 1833-ல் இன்றைய உருகுவேயில் சார்லஸ் டார்வின் பார்த்தார். பக்கத்தில் வீடும் இல்லை ஆளும் இல்லை, ஒன்றிரண்டு நாய்கள் மட்டும் ஒரு பெரிய மந்தையைக் காத்துக்கொண்டிருந்தன. அதெப்படி என்று விசாரித்திருக்கிறார். கண் திறந்தும் திறக்காத வயதிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். பிறகு தினம் மூன்று நான்கு தடவை ஒரு பெண் செம்மறியைப் பிடித்து நிறுத்தி அதன் மடியில் பால் குடிக்க விடுகிறார்கள். படுக்கை ஆட்டு ரோமத்தால் ஆனது, அதுவும் பட்டிக்குள்ளேயே. மற்ற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் பழக விடுவதில்லை. பெரும்பாலும் காயடித்தும் விடுகிறார்கள்.

இப்படி வளர்ந்த நாய் தினமும் வீட்டுக்கு வந்து தன் பங்கு இறைச்சியை வாங்கிக்கொண்டு, வெட்கப்பட்டது போல நழுவிவிடும். வீட்டு நாய்கள் விரட்டும். ஓட்டமாய் ஓடி மந்தையை எட்டியதும் திரும்பி நின்று குரைக்கும் பாருங்கள், விரட்டி வந்தவை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும்! மந்தையைத் தன் கூட்டமாகவே அது நினைக்கிறது என்று டார்வின் புரிந்துகொண்டார். 1839-ல் வந்த அவருடைய பயணநூலில் இது இருக்கிறது.

இதன் காரணம் அறிவியலாக உறுதிப்பட இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் வருடக்கணக்கில் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை யாரோடு இருக்கிறதோ, அவர்களைத்தான் குட்டி சொந்தமாக நினைக்கும். அங்கேயே நடந்த ஒரு சோதனையில் பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கு போலவே ஆகிவிட்டன.

அமெரிக்க ஆடு வளர்ப்பவர்களுக்கு இது தேவைப்பட்டது 1972-க்குப் பிறகுதான். அதுவரை கயோட்டிகளை விஷம் வைத்துக் கொன்றார்கள். சிறிய ஓநாய் மாதிரி இருக்கும், ஆட்டுக்குட்டி என்றால் உயிர். விஷம் கழுகையும் கொன்றது. அந்த வருடம் அதிபர் நிக்சன் அரசு நிலங்களில் விஷத்தைத் தடை செய்தார். விஷமும் இல்லை, மேய்ப்பரும் இல்லை, என்ன செய்வது? எழுபதுகளின் கடைசியில் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் மனைவி லோர்னாவும் இத்தாலி, யுகோஸ்லாவியா, துருக்கியிலிருந்து காவல் நாய்களைக் கொண்டுவந்து, அவற்றின் குட்டிகளைப் பண்ணைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். சுமார் எட்டு வாரக் குட்டியைப் பட்டியில் விடு, மடியில் வைத்துக் கொஞ்சாதே... பாடம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. விடலைப் பருவம் என்று ஒன்று இருக்கிறதே! ஐந்தாறு மாதத்தில் நாய்க்கு விளையாட்டு தலைக்கேறும். ரோமத்தைப் பிடித்து இழுக்கும், காதைக் கவ்வும், துரத்தும். அதற்கு விளையாட்டு, ஆட்டுக்குட்டிக்கோ உயிர் போகும். அந்த நேரத்தில் கையும் களவுமாகப் பிடித்து அதட்ட வேண்டும். சிலர் குட்டிகளிடமிருந்து பிரித்து, முட்டித் தள்ளும் பெரிய ஆடுகளோடு அடைப்பார்கள். இன்னும் சிலர் கழுத்துப்பட்டையில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள், ஓடினால் முன்னங்காலில் இடிக்கும். இதைத் தாண்டாத நாயை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆட்டைக் கொன்ற நாய்க்குப் பண்ணையில் துப்பாக்கிதான்.

உயர்ந்த ஜாதி நாய்தான் வேண்டுமா என்றால், நவாஹோ பழங்குடியினரைப் பார்க்கலாம். அவர்களிடம் இருந்தவை கலப்பு நாய்கள். 1985-ல் வெளியான ஆய்வின்படி, அந்தக் குட்டிகளும் ஆட்டுப் பட்டியிலேயே வளர்ந்து கயோட்டிகளை விரட்டின. இறக்குமதிச் செலவு ஒரு டாலர்கூட இல்லை :)

1994-ல் இதே முறை நமீபியாவுக்குப் போனது. அங்கே விவசாயிகள் ஆட்டைப் பிடிக்கிறது என்று சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி மார்க்கர் தொடங்கிய சீட்டா பாதுகாப்பு நிதியம் அவர்களுக்குத் துருக்கியின் அனடோலிய நாய்களைக் கொடுத்தது. சீட்டா வேகத்துக்கென்றே பிறந்த மெலிந்த உடம்புக்காரன், காயம் பட்டால் வேட்டையாட முடியாது. அதனால் பெரிய நாய் குரைத்துக்கொண்டு எதிரே வந்தால் சண்டைக்கு நிற்பதில்லை, விலகிப் போய்விடுகிறது.