வெளிப்பாட்டு நூல்களில் புறவினத்தார்

உலக முடிவில் யூதரல்லாதவர் என்ன ஆவார்கள்? பண்டைய யூத, கிறிஸ்தவ வெளிப்பாட்டு நூல்கள் இதற்கு ஒரே விடை தரவில்லை. அழிவு, அடிபணிவு, மனமாற்றம் என எல்லாமே சில வேளைகளில் ஒரே நூலுக்குள் வருகின்றன. எழுதியவர்கள் எந்த அரசிடம் அடிபட்டார்கள் என்று பார்த்தால் இந்த முரண் ஓரளவு விளங்கும்.

கி.மு. 167-இல் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். அந்தச் சூட்டில் உருவான தானியேல் நூலின் 7-ஆம் அதிகாரம் பேரரசுகளை நான்கு விலங்குகளாகக் காட்டுகிறது. நான்காவது கொல்லப்பட்டு நெருப்புக்கு இரையாகிறது; மற்றவை ஆட்சியை இழந்தாலும் சிறிது காலம் உயிரோடு விடப்படுகின்றன.

ஏறக்குறைய அதே காலத்தது ஏனோக்கு நூலின் 'விலங்குக் காட்சி' (அதிகாரங்கள் 85–90). அதில் இஸ்ரயேலர் ஆடுகள். பிற இனத்தார் ஓநாய், காட்டுப்பன்றி, கழுகு முதலியன. ஆடுகளின் கையில் பெரிய வாள் தரப்படுகிறது, விலங்குகள் ஓடுகின்றன. பழிதீர்ப்பதோடு கதை முடியும் என்றுதான் தோன்றும். ஆனால் நெருப்புப் பள்ளத்தில் விழுவோரில் கண் குருடான ஆடுகளும் உண்டு. எஞ்சிய விலங்குகளோ ஆடுகளைப் பணிந்து, புதிய வீட்டினுள் அவற்றோடு கூடுகின்றன. இறுதியில் அங்கிருக்கும் அனைத்தும் வெள்ளைக் காளைகளாகின்றன. தொடக்கத்தில் ஆதாம் இருந்த உருவம் அது. ஓநாய் மட்டுமல்ல, ஆடும் தன் இனத்தை விட்டுவிடுகிறது. இவ்வகை நூல்களில் இவ்வளவு துணிந்த முடிவு அரிது. முழு ஏனோக்கு நூலும் எத்தியோப்பியத் திருச்சபையின் கீஸ் மொழியில்தான் எஞ்சியது. சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் அதன் அரமேயத் துண்டுகள் கிடைத்தன.

கும்ரான் குழுவினரின் போர்ச் சுருள் நேரெதிர். ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் நாற்பதாண்டுப் போர். உடன்படிக்கையை மீறிய யூதர்களையும் அது எதிரணியில்தான் சேர்க்கிறது.

கி.பி. 70-இல் ரோமர் கோவிலை அழித்த பிறகு கசப்பு முற்றியது. நான்காம் எஸ்றா நூலில் பிற இனங்கள் எச்சிலுக்கு நிகர். ஆயினும் மீட்கப்படுவோர் மிகச் சிலரே என்று வானதூதர் ஊரியேல் சொல்லும்போது எஸ்றா விடாமல் வாதாடுகிறார். இரண்டாம் பாரூக்கு, இஸ்ரயேலை மிதித்த இனங்கள் மடியும், மிதிக்காதவை பிழைக்கும் என்று கணக்குத் தீர்க்கிறது.

முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படும் திருவெளிப்பாட்டில் ரோம் 'பாபிலோன்' ஆகிறது. 19-ஆம் அதிகாரத்தில் மண்ணுலக அரசர்களின் சதையைப் பறவைகள் தின்கின்றன. 21-இலோ மண்ணுலக அரசர்கள் தங்கள் பெருமையைப் புதிய எருசலேமுக்குக் கொண்டுவருகிறார்கள், அதன் வாயில்கள் அடைக்கப்படுவதேயில்லை. உரையாசிரியர்கள் இதைச் சமன்செய்யப் படாதபாடு பட்டிருக்கிறார்கள்.

பிறகு மீட்கப்படுவோரையும் தண்டிக்கப்படுவோரையும் பிரிக்கும் எல்லைக்கோடு இனத்தை விட்டுச் செயலுக்கு நகர்ந்தது. இரண்டாம் நூற்றாண்டின் பேதுரு வெளிப்பாடு குற்றத்துக்கேற்ற தண்டனையை விவரிக்கிறது: தெய்வ நிந்தனை செய்தவர் நாவால் தொங்குகிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பவுல் வெளிப்பாட்டில் நெருப்பு ஆற்றில் ஆயரே கிடக்கிறார். நரகத்தினருக்கு ஞாயிறுதோறும் விடுப்பும் உண்டு. அகுஸ்தினார் அந்நூலை எள்ளி ஒதுக்கினார். இடைக்கால ஐரோப்பாவோ அதை விரும்பிப் படித்தது.