ஊற்றுக்கண்ணும் பாலைக்கோளும்: துனீசிய ஊர்ப்பெயர் ஒன்றன் புனைகதைப் பயணம்

1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் முற்பகுதி டாட்டூயின் என்னும் பாலைக்கோளில் நிகழ்கின்றது. இரண்டு கதிரவன்கள் ஒருசேர மறையும் அக்கோளின் உழவர்கள், காற்றிலுள்ள ஈரத்தைப் பொறிகளால் பிரித்தெடுத்து வாழ்பவர்கள். அக்கோள் கற்பனை, அதன் பெயர் கற்பனையன்று. துனீசியாவின் தென்பகுதியில் உள்ள தத்தாவீன் நகரின் பெயரே சற்றுத் திரிந்து விண்ணேறியுள்ளது. அறிவியல் புனைகதைகளும் மிகுபுனைவுகளும் மெய்யான ஊர்ப்பெயர்களைக் கடன்பெறுவதைச் சுவையான துணுக்காகக் கூறிச் செல்வதே பெரும்பான்மை வழக்கம். இப்பெயரை அவ்வாறு கடந்துசெல்ல இயலாது. பெயர் திரைக்குச் செல்லுமுன்பே அதன் பொருள் ஒருமுறை மாற்றப்பட்டிருந்தது என்பதனை இக்கட்டுரை காட்ட முற்படுகின்றது.

தத்தாவீன் அரபுச் சொல் அன்று. அரபியர் வருகைக்கு முன்பிருந்தே வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்துவரும் அமாசிக் மக்களின் மொழிக்குரியது. இம்மக்களைப் பிறர் ‘பெர்பர்’ என வழங்கினர். அவர்தம் மொழியில் ‘தித்’ என்னும் சொல் கண்ணையும் நீரூற்றையும் ஒருங்கே குறிக்கும். அதன் பன்மை ‘தித்தாவீன்’. ஆகவே ‘ஊற்றுகள்’ என்பதே ஊரின் பெயர். மொரோக்கோவின் வடபகுதியிலுள்ள தெத்துவான் நகரின் பெயரையும் இதே சொல்லினின்று பிறந்ததாகவே கொள்வர். கண்ணுக்கும் ஊற்றுக்கும் ஒரே சொல்லை வழங்கும் மரபு அரபிலும் உண்டு. கிணறு வெட்டும்போது ‘ஊற்றுக்கண் திறந்தது’ என்று மகிழும் தமிழருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. (இவ்வொற்றுமையைக் கொண்டு மொழியுறவு கற்பிக்க முனைவோர் நம்மிடையே உளர், அதற்கு இங்கு இடமில்லை.) பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்களில் ஊரின் பெயர் ‘ஃபும் தத்தாவீன்’ என்று வரும். ‘ஃபும்’ என்பது வாயைக் குறிக்கும் அரபுச் சொல். அரபும் அமாசிக்கும் கலந்த அப்பெயருக்கு ‘ஊற்றுகளின் வாய்’ என்று பொருள் கூறலாம்.

மழை அரிதாகப் பெய்யும் இந்நிலத்தில் நீரைப் பெயராக வைத்தமை வியப்பன்று. தகார் மலைத்தொடரை ஒட்டிய இப்பகுதியில் உழவர்கள் ஓடைகளின் குறுக்கே ‘ஜஸூர்’ எனப்படும் மண்கரைகளை அடுத்தடுத்து எழுப்பினர். எப்போதோ பெய்யும் மழையின் வெள்ளம் அக்கரைகளில் தடைப்பட்டு, வண்டலைப் படியவிட்டு, மண்ணுக்குள் இறங்கும். அவ்வண்டலில் ஒலிவமரமும் அத்தியும் வளர்ந்தன. விளைந்த தானியத்தையும் பிழிந்த எண்ணெயையும் ‘க்ஸார்’ என்னும் அரண்சூழ்ந்த களஞ்சியங்களில் சேமித்தனர். வளைவுக்கூரையுடைய சிற்றறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கட்டடங்கள் அவை. ஒவ்வோர் அறையும் ஒரு குடும்பத்திற்குரியது. வறட்சியாண்டுகளை எண்ணிச் சேர்த்துவைத்த மக்களின் முன்னறிவுக்கு அவை சான்று.

1881ஆம் ஆண்டு துனீசியா பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சிக்கு உட்பட்டபின் தென்பகுதி படைத்துறை நிருவாகத்தின்கீழ் வைக்கப்பட்டது. ஃபும் தத்தாவீன் காவற்படை நகராயிற்று. குற்றத் தீர்ப்புப் பெற்ற இளைஞர்களைக் கட்டாயப் படைப்பணிக்கு அனுப்பும் ‘ஆப்பிரிக்க இலகு காலாட்படை’ப் பிரிவுகள் இங்கு நிறுத்தப்பட்டன. அவர்களுக்கு இவ்வூர் வெயிலும் தண்டனையும் மட்டுமே. காலப்போக்கில் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் தத்தாவீன் என்பது ஆளரவமற்ற தொலைவிடத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஊற்றைக் குறித்த பெயர் உலகின் கடைக்கோடியைக் குறிக்கத் தொடங்கியது இக்காலத்திலேயாகும். 1956இல் துனீசியா விடுதலை பெற்றபின்னும் அப்பொருள் பிரெஞ்சில் நின்றுவிட்டது.

ஜார்ஜ் லூகாசின் படக்குழு 1976 மார்ச்சில் துனீசியாவில் படப்பிடிப்பைத் தொடங்கியது. அதற்கு முந்தைய திரைக்கதை வரைவுகளில் இப்பாலைக்கோளின் பெயர் உட்டபாவ் என்றே இருந்தது. நோக்கத்தக்க செய்தி யாதெனின், அவ்வாண்டுப் படப்பிடிப்பு நடந்த இடங்கள் நெஃப்தாவை அடுத்த உப்புவெளி, மத்மாத்தாவின் குழிவீடுகள், ஜெர்பா தீவு போன்றவை. தத்தாவீன் நகர் அவற்றுள் ஒன்றன்று. ஊரின் காட்சி தேவைப்படவில்லை, ஒலியே தேவைப்பட்டது. அவ்வொலியுடன் தொலைவு, வெறுமை என்னும் பிரெஞ்சுப் படைவீரரின் பொருளும் ஒட்டிச் சென்றது என்றே கருதுகின்றேன். ஊற்றுகளின் பெயர் ஈரத்திற்கு ஏங்கும் கோளுக்குச் சூட்டப்பட்டதில் கேலி ஏதுமில்லை. சூட்டியோர் கேட்ட பெயரில் ஊற்று முன்பே வற்றியிருந்தது.

இதே உலகைச் சார்ந்த பிற்கால எழுத்துகளில் டாட்டூயினுக்கு மூன்று நிலவுகள் அமைந்தன: கொம்ராசன், கெர்மெஸ்ஸா, செனினி. மூன்றும் தத்தாவீன் பகுதியின் மெய்யான ஊர்கள். 1999இல் வெளிவந்த அடுத்த தொகுதியின் முதற்படத்திற்காகக் குழு 1997இல் துனீசியாவுக்கு மீண்டும் வந்தபோது, கொம்ராசனுக்கு அருகிலுள்ள க்ஸார் ஹடாடாவில் படமெடுத்தது. குடும்பங்களின் தானியம் காத்த அறைகள் திரையில் அடிமைகளின் குடியிருப்பாயின. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு. எனினும் களஞ்சியத்தைச் சிறையெனக் காணும் பார்வையும் புதியதன்று.

விண்ணுக்கும் இவ்வூருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1931 ஜூன் 27இல் ஃபும் தத்தாவீன் அருகே விண்கல் ஒன்று சிதறி விழுந்தது. டயோஜெனைட் வகையைச் சார்ந்த அதன் சிதறல்கள் வெஸ்டா என்னும் சிறுகோளிலிருந்து வந்தனவாகக் கருதப்படுகின்றன. தத்தாவீன் என்னும் பெயரைத் திரைக்கு முன்பே விண்ணாய்வில் பதித்தது அக்கல்லே. பின்னர் 2011 செப்டம்பரில், இரு விண்மீன்களைச் சுற்றிவரும் கெப்ளர்-16பி என்னும் கோள் அறிவிக்கப்பட்டபோது, வானியலாளர் அதனை டாட்டூயினோடு ஒப்பிட்டனர். அவ்வகைக் கோள்களைப் பேச்சுவழக்கில் அப்பெயராலேயே சுட்டுவோரும் உளர்.

பெயரை ஈன்ற மொழியின் நிலை வேறு. மொரோக்கோ 2011இலும் அல்ஜீரியா 2016இலும் அமாசிக் மொழிக்கு அரசமைப்பில் ஆட்சிமொழித் தகுதி அளித்தன. துனீசியாவின் 2014ஆம் ஆண்டு அரசமைப்பும் 2022ஆம் ஆண்டு அரசமைப்பும் அரபை மட்டுமே கூறுகின்றன. அந்நாட்டில் அமாசிக் இன்று ஜெர்பா, மத்மாத்தா, தத்தாவீன் பகுதிகளின் சில ஊர்களில் எஞ்சியுள்ளது. செனினியும் தூயிரெத்தும் அவற்றுள் அடங்கும். ஊர்ப்பெயராய்வில் ஈடுபடுவோர் புனைவுலகக் கையேடுகளினின்று பெயர்களைத் தொடங்காமல் இவ்வூர்களினின்று தொடங்குதல் வேண்டும். ஏனெனில் அங்கும் பெயர்கள் இடம்பெயர்ந்தே வருகின்றன. மலைமுகட்டுக் குகைவீடுகளை விட்டு மக்களுட் பெரும்பாலோர் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். அங்கு எழுந்த குடியிருப்புகளுக்குப் புதிய செனினி, புதிய கெர்மெஸ்ஸா, புதிய தூயிரெத் என்று பழைய பெயர்களையே அவர்கள் உடன்கொண்டு சென்றுள்ளனர்.