விளம்பரம் இயந்திரத்துக்குள் குடிவந்த கதை

(நேரலை உரையின் எழுத்து வடிவம்)

சிலர் இரவு உணவை முடித்துவிட்டும், சிலர் விடியற்காலையில் எழுந்தும் இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். நான் பட்டயப் படிப்பு படித்த நர்ஸ். கணினி எனக்குத் தொழில் அல்ல, ஆசை. பழைய கணினிகள் மேல் அந்த ஆசை கொஞ்சம் கூடுதல். என் வீட்டில் ஒரு கொமடோர் 64 இருக்கிறது. 1982இல் சந்தைக்கு வந்த வகை. 'இந்தக் காலத்தில் இதை ஏன் வைத்திருக்கிறாய்?' என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அது எனக்கு எதையும் விற்க வருவதில்லை.

கேட்பவர்கள் சிரிப்பார்கள், பழசின் மேல் உள்ள மயக்கம் என்பார்கள். மயக்கமா, அதில் விஷயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்துக் கணினி விளம்பரங்கள் யோக்கியமானவை அல்ல. 1969இல் அமெரிக்காவின் ஆடம்பரக் கடையான நீமன் மார்க்கஸ் தனது கிறிஸ்துமஸ் விலைப்பட்டியலில் ஹனிவெல் நிறுவனத்தின் 'சமையலறைக் கணினி'யைப் போட்டது. விலை 10,600 டாலர். அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானத்துக்குச் சமமான தொகை. இல்லத்தரசிகள் அதில் சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்கலாமாம். ஆனால் விசைகளைத் தட்டி இருமக் குறியீட்டில் கேள்வி கேட்க வேண்டும். விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்துப் பதிலைப் படிக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சியும் விலையோடு சேர்த்தே கொடுத்தார்கள். கணினி கணக்குப் போடும் அழகுக்கு இவளுக்குச் சமைக்கத் தெரியவில்லையே என்ற தொனியில் விளம்பரத்தில் ஒரு கேலி வேறு. 1940களில் எனியாக் என்ற பெரிய கணினிக்கு நிரல் அமைத்த முதல் குழுவில் இருந்த ஆறு பேருமே பெண்கள். இருபது ஆண்டு கழித்து விளம்பரக்காரர்கள் பெண்ணை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமையலறைக் கணினி ஒன்றுகூட விற்றதற்குச் சான்று இல்லை என்பது ஓர் ஆறுதல்.

அடுத்தது 1981. ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐபிஎம் தனது தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியது. அடிப்படை விலை 1,565 டாலர். பெரும்பாலும் நிறுவனங்களுக்கு விற்றுப் பழகிய ஐபிஎம், சாதாரண மனிதர்களின் பயத்தைப் போக்க யாரைத் தேடிப் போனது தெரியுமா? சார்லி சாப்ளினின் நாடோடியை. அதே தொப்பி, அதே கைத்தடி. வேறொரு நடிகர் அந்த வேடத்தில் நடித்தார். 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் அந்த நாடோடியை இயந்திரம் பல்சக்கரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். சோறூட்டும் இயந்திரம் முகத்திலேயே அடிக்கும். இயந்திரத்தால் அப்படி அல்லல்பட்டவனையே இயந்திரம் விற்கக் கூட்டிவந்துவிட்டார்கள்.

மூன்றாவது, உங்களில் பலர் பார்த்திருக்கக்கூடிய ஆப்பிள் விளம்பரம். 1984 ஜனவரி 22, அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் நடுவே ஒளிபரப்பானது. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலை நினைவூட்டும் காட்சி அது. சாம்பல் நிற உடையில் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து, பெரிய திரையில் பேசும் ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் ஓடிவந்து சுத்தியலை வீசித் திரையை உடைக்கிறாள். இரண்டு நாள் கழித்து மெகின்டாஷ் 2,495 டாலருக்கு வந்தது. விற்கவேண்டிய கணினியை விளம்பரம் காட்டவே இல்லை. அந்தப் பெண்ணின் சட்டையில் கோட்டோவியமாக இருந்ததோடு சரி.

ஒன்று ஏளனம், ஒன்று தந்திரம், ஒன்று மிகை. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. மூன்றுமே இயந்திரத்துக்கு வெளியே இருந்தன. விலைப்பட்டியலில், பத்திரிகையில், தொலைக்காட்சியில் இருந்தன. நீங்கள் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்ததும் விளம்பரத்தின் வேலை முடிந்துபோகும்.

என் கொமடோரைச் சொடுக்கினால் சில வினாடிகளில் நீலத் திரையில் 'ரெடி' என்ற சொல் தோன்றும். பிறகு கட்டளைக்குக் காத்திருக்கும். அதன் அடிப்படை மென்பொருள் மாற்ற முடியாத சில்லுகளில் பதிந்திருக்கிறது. தயாரித்த நிறுவனமே நினைத்தாலும் அதற்குள் புதிதாக ஒரு வரியைச் செருக வழியில்லை. அந்த நிறுவனம் 1994இல் திவாலானது. என் இயந்திரத்துக்கு அந்தச் செய்தி தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்கிறது. வாங்கியவருக்கு மட்டும் ஊழியம் செய்யும் இயந்திரம் அது.

இந்த நிலை எப்போது மாறியது? ஒரே நாளில் இல்லை. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்தபோது வாசல் திறந்தது. ஐபிஎம்மும் சியர்ஸும் சேர்ந்து நடத்திய 'பிராடிஜி' என்ற சேவை, 1990 வாக்கில் மாதக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு திரையின் அடிப்பகுதியில் விளம்பரத்தையும் காட்டியது. 1994 அக்டோபரில் 'ஹாட்வயர்ட்' இணைய இதழ் பட்டை விளம்பரங்களைத் தொடங்கியது. 1998இல் கூகுளை உருவாக்கிய செர்கே பிரினும் லாரி பேஜும் தங்கள் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் ஓர் எச்சரிக்கையை எழுதினார்கள்: விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும். 2000 அக்டோபரில் அவர்கள் நிறுவனமே 'ஆட்வேர்ட்ஸ்' விளம்பரச் சேவையைத் தொடங்கியது. அந்த எச்சரிக்கையை எழுதியவர்களைவிட அதை நன்றாக அறிந்தவர்கள் வேறு யார் இருக்க முடியும்?

2011இல் அமேசான் விளம்பரத்தோடு கூடிய கிண்டில் வாசிப்புக் கருவியை 114 டாலருக்கு விற்றது. விளம்பரம் இல்லாததன் விலை 139. புத்தகத்தை மூடி வைத்தால் திரையில் கடை விரியும். நம் அமைதிக்கு முதல்முறையாக விலைச்சீட்டு ஒட்டியதுபோல் இருந்தது எனக்கு: 25 டாலர். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது, சொல்லிவிட்டு விற்றார்கள். சொல்லாமல் செய்தவர்களும் உண்டு. வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதை ஒரு கோடியே பத்து லட்சம் தொலைக்காட்சிகள் வழியாக ஒப்புதல் பெறாமல் சேகரித்ததற்காக, விசியோ நிறுவனம் 2017இல் அமெரிக்க அரசின் வழக்கைத் தீர்க்க 22 லட்சம் டாலர் கட்டியது. 1984இல் அந்தப் பெண் உடைத்தது பேசும் திரையைத்தான். இப்போது நம்மைத் திருப்பிப் பார்க்கவும் தெரிந்த திரையை நாமே காசு கொடுத்து வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

இதுவரை சொன்னதை நீங்கள் எரிச்சல் என்று ஒதுக்கிவிடலாம். அடுத்துச் சொல்வதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அது என் தொழிலுக்குள் நடந்தது.

அமெரிக்காவில் 'பிராக்டிஸ் ஃபியூஷன்' என்று ஒரு நிறுவனம். நோயாளிகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளை மருத்துவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வளர்ந்தது. வருமானம் விளம்பரத்திலிருந்து வந்தது. இத்தகைய மென்பொருளில் மருத்துவருக்கு நினைவூட்டல்கள் வரும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த மருந்தை எழுதப் போனால் திரை தடுக்கும். எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும் நல்ல ஏற்பாடு. அந்த நிறுவனம் அந்த நினைவூட்டலையே விற்றது. ஓப்பியாய்டு வலி மருந்து தயாரிக்கும் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, அந்த மருந்தின் விற்பனை கூடும் வகையில் வலி தொடர்பான நினைவூட்டலை வடிவமைத்தது. 2016 முதல் 2019 வரை அது மருத்துவர்களின் திரைகளில் வந்துகொண்டிருந்தது. ஓப்பியாய்டு பழக்கத்தால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 2020 ஜனவரியில் வழக்கு முடிவுக்கு வந்தது. 14 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆக்ஸிகான்டின் மருந்தைத் தயாரித்த பர்டூ ஃபார்மா, இந்தக் கையூட்டு உள்ளிட்ட குற்றங்களை அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

வலியை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. 'பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலிக்கிறது?' என்று நோயாளியிடம் கேட்போம். அவர் சொல்லும் எண்ணைக் கணினியில் பதிவோம். அந்த எண் ஒருவர் எங்களை நம்பிச் சொல்வது. இலவச மென்பொருளின் மறுமுனையில் அதையும் சரக்காக்கிவிட்டார்கள். மருத்துவருக்கு அது விளம்பரம் என்று தெரிந்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். மருத்துவ அறிவுரையின் உடுப்பில் வந்ததால் அதற்கு மதிப்பு கொடுத்தார்.

அதனால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய கணினிக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. கொமடோரை வைத்து வார்டு நடத்த முடியாது. ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தை நாம் காசில்லாமல் பார்த்துப் பேசுவதில் விளம்பரப் பணத்துக்கும் பங்கு உண்டு. நிமிடக் கணக்குப் பார்த்து அட்டையைச் சுரண்டிப் பேசியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நான் கேட்பது விளம்பரத்துக்கும் வேலைக்கும் நடுவே ஒரு சுவரை. பத்திரிகைகள் பணம் வாங்கிப் போடும் பக்கத்தின் தலையில் 'விளம்பரம்' என்று அச்சிடும் வழக்கம் உண்டு. அதே நாணயம் இயந்திரங்களுக்கும் வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களில் அந்தச் சுவரில் கதவே இருக்கக் கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் நம் பிள்ளைகள் பாடத்தில் சந்தேகம் கேட்கிறார்கள், நம் பெற்றோர் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்கள். அது தரும் பதிலுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்வது நல்லது. புதிய கருவி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு, கேமரா எப்படி என்று விசாரிக்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு இது யாருக்கு வேலை செய்யும் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், பேசுவோம்.