தலித் இறையியல்

சாதியால் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களின் துயரத்தையும் தன்மானத்தையும் அடித்தளமாகக் கொண்டு விவிலியத்தை வாசிக்கும் இந்தியச் சிந்தனை மரபு. 1980களில் உருப்பெற்றது.

ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சாதி விடவில்லை. திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினர். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை வடிவில் இரு கூடங்களாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார் முதலிய பிற சாதியார். பீடம் மட்டும் இருவருக்கும் பொது. நடுவே நின்ற தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டதும் வேளாளர்கள் வழக்குத் தொடுத்தனர்.

சபைக்குள் இந்தப் பிளவு நீடித்தபோதும், இந்தியக் கிறிஸ்தவ அறிஞர்களில் முன்னோடிகள் பலர் வேதாந்தத்தோடும் பக்தி மரபோடுமே உரையாடினர். இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்களாக இருந்தும், அவர்கள் வாழ்வு இறையியலுக்குப் பொருளாகவில்லை. இறையியலாளர் அர்விந்த் பி. நிர்மல் 1981-இல் பெங்களூரில் ஆற்றிய உரையில் இந்த மௌனத்தை உடைத்தார். பின்னர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை ஏற்றார். அவர் வாசிப்பில் இயேசுவே ஒரு தலித். புறக்கணிக்கப்பட்டோரோடு உண்டவர், நிந்திக்கப்பட்டவர், சிலுவையில் கைவிடப்பட்டவர். கடவுள் ஒடுக்கப்பட்டோருக்கு மேலிருந்து இரங்குபவர் அல்லர். அவர்களில் ஒருவராக நிற்பவர்.

மதுரை அரசரடியில் இந்தச் சிந்தனை பாட்டானது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் கிராமத்துப் பேச்சுத்தமிழிலும் நாட்டுப்புற மெட்டிலும் வழிபாட்டுப் பாடல்கள் புனைந்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே அவர் இறையியலின் மையம். சாவு வீட்டுக்கு உரியதென ஒதுக்கப்பட்ட பறையையே கிறிஸ்துவின் அடையாளமாக இறையியலாளர் சத்தியநாதன் கிளார்க் 1998-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

தலித் இறையியல் துன்பத்தை மிகுதியாகப் பேசி எதிர்ப்பைக் குறைத்துவிட்டது, பெண்களின் இரட்டைச் சுமையைக் கவனிக்கவில்லை என்ற விமர்சனங்கள் பின்னர் உள்ளிருந்தே எழுந்தன. எழுத்தாளர் பாமாவின் தன்வரலாற்று நூலான ‘கருக்கு’ (1992), கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி இருந்ததைப் பதிவு செய்தது. தலித் கிறிஸ்தவர்கள் திருச்சபைக்குள்ளேயே தீண்டாமைக்கு ஆளாவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணம் ஒப்புக்கொண்டது.

அரசுச் சட்டத்திலும் தலித் கிறிஸ்தவர்களுக்கு வாசல் மூடியே இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது. அது 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தத் தகுதி வழங்குவதை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-இல் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது.